ஒரே தெருவைச் சுற்றிய கார்கள்

மவுன்ட் ரோடில் இங்கிலீஷ் படம் பார்த்துவிட்டு வந்த இரண்டு வாலிபர்கள், திருவொற்றியூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

"படத்துல பதினேழு வயசுலயே ஆளுக்கொரு காரு கீது மாமு. ஆனா எங்கியும் போவாம, நம்ம மாதா தேர் மாதிரி ஒரே தெருவயே சுத்திக்கினு கீறானுங்கோ."

"பொண்ணுங்களும் பக்கத்துல குந்திக்கினு சிரிக்குது. ஒருத்தரும் அடிக்க வரல."

"அமெரிக்காவுல அது சின்ன ஊராம். அதுக்கே தெரு பூரா ஹார்பர் மாதிரி லைட்டு."

"அப்பேர்ப்பட்ட ஊர வுட்டுட்டு படத்தோட கடைசில அந்த ஹீரோ பையன் ஏன் கெளம்பிப் போறான்?"

"நீ ஏன் நாளைக்குக் கப்பல் ஏர்ற?"

படத்துப் பையனைப் பற்றிக் கேட்டவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ராயபுரம் மாதா கோயில் வந்ததும் மற்றவன் இறங்க எழுந்தான்.

"குந்து தோஸ்து," என்றான் கப்பலுக்குப் போகிறவன். "கடைசி ஸ்டாப் வரைக்கும் போயி, இதே பஸ்ல திரும்பி வரலாம்."