கொக்கு நின்ற இடம்

அண்டை கழிப்பதில் எனக்கு இணையான ஆள் புதுச்சேரியில் எங்கள் பாகூர் கொம்யூனிலேயே கிடையாது. நடவுக்கு முன்னால் வரப்பின் ஓரத்தைப் புல்லோடு சேர்த்து மண்வெட்டியால் சீவி, சேற்றை அள்ளி அப்பி மெழுகுவதற்குத்தான் அந்தப் பெயர். நான் கழித்த வரப்பின் மேல் ஒரு முட்டையை வைத்தால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தானாக உருண்டு போகும். ஒரு தரம் போயும் இருக்கிறது. போகிற வழியில் குஞ்சும் பொரித்தது.

இந்தக் கடைசி இரண்டு வரியையும் வக்கீலம்மா அடிக்கச் சொல்வாள். செல்வகுமாரி என்று பேர், வில்லியனூர்ப் பெண், ஸ்கூட்டரில் வருவாள். ஜெயிலில் இருக்கும் என் தங்கை மகன் வீரமணிக்காக மேல்முறையீட்டை நடத்துகிறவள் அவள்தான். என் அண்ணன் அரிகிருஷ்ணனையும், அண்ணன் மகன் சுகுமாரையும் கொன்றதாக வீரமணிக்கு ஆயுள் தண்டனை கொடுத்திருக்கிறார்கள். அவன் கொல்லவில்லை. குழந்தைவேல் ஆகிய நான்தான் கொன்றேன். இதை அவளிடம் இரண்டு தரம் எழுதிக் கொடுத்துவிட்டேன். இது மூன்றாவது. நாளைக் காலை ஒன்பது மணிக்கு வந்து வாங்கிப் போவாள். புதன்கிழமை விசாரணை.

"நீங்க பேசுற மாதிரியே எழுதுங்க தாத்தா. ஆனா நடந்தத மட்டும் எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டும் ஒன்றாக நடக்கக்கூடிய காரியமா என்று அவள் யோசிக்கவில்லை.

எங்கள் அப்பா நிலத்தை மூன்றாகப் பிரித்தார். கிழக்கே அண்ணன், மேற்கே தங்கை தாயாரம்மாள், நடுவில் நான். நடுவில் இருப்பவனுக்கு இரண்டு வரப்பு. வருஷம் ஒரு தரம், சம்பா நடவுக்கு முன்னால், இரண்டு பக்கமும் நானே அண்டை கழிப்பேன். கழிக்கும்போது என் பக்கத்தில் இரண்டு விரல் கூடுதலாகச் சீவி, சீவின மண்ணை அந்தப் பக்கம் அப்பிவிடுவேன். வரப்பு அதே அகலத்தில்தான் இருக்கும். கொஞ்சம் தள்ளி இருக்கும், அவ்வளவுதான். இரண்டு விரலைப் பேராசை என்று யாரும் சொல்ல முடியாது. முப்பத்தெட்டு வருஷம் அப்படிச் செய்தேன். சர்வே கல்லைத் தனியே விட்டுவிட்டுப் போக மனம் வராமல் அதையும் கூடவே நடத்திக்கொண்டு போனேன்.

பக்கத்துக்கு நாலடி, நாலரை அடி ஆன பிறகு கண்ணில் படாமல் இருக்குமா. அண்ணன் கேட்டார். "நான் இன்னாண்ணே பண்ணுவேன். மேக்கால வீரமணி நெருக்குறான், நான் உம்மேல சாயுறேன்" என்றேன். வீரமணி கேட்டான். "கெழக்கால உங்க பெரிய மாமன் நெருக்குறாரு மாப்ள, நான் எங்க போவேன்" என்றேன். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. சமாதானம் பேச நான்தான் போய்வந்துகொண்டிருந்தேன். இரண்டு வீட்டிலும் காபி கொடுப்பார்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை, டீக்கடையில் இருவரும் எதிரெதிரே மாட்டிக்கொண்டார்கள். நான் நடுப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாடா, சின்ன மாமன நெருக்கி நெருக்கி எங்கிட்டத் தள்ளிக்கினு கீற" என்றார் அண்ணன்.

"யாரு, நானா? நீ நெருக்குறதாலதான் மாமா அவரு எம்பக்கம் வர்றாரு. அவரையே கேளு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன். கடைக்காரன் நாகராஜன் என்னைக் காட்டி, "பெருசு ரெண்டு பக்கமும் சாயுதுன்னா அதும் வயல்ல தண்ணி நிக்காதே" என்றான். சிரிப்பு எழுந்தது. எனக்கும் வந்தது.

சுகுமார் மட்டும் சிரிக்கவில்லை. திருபுவனையில் கம்பெனி வேலைக்குப் போகிறவன், சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. "எதுக்குப்பா சண்ட. சர்வேயருக்கு மனு குடுத்துட்டேன். திங்கக்கெழம வர்றாங்க. அளந்தா தெரிஞ்சிடப் போவுது" என்றான்.

வீரமணி எழுந்தான். "அளக்கட்டும். நெருக்குனவன் எவன்னு தெரியட்டும். அவன அந்த வரப்புலயே சாய்ச்சிட்டுத்தான் மறுவேல."

இருபது பேர் கேட்டார்கள். அண்ணனைச் சொல்வதாக எல்லோரும் நினைத்தார்கள். என்னைத்தான் சொன்னான் என்பது அவனுக்கே தெரியாது.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை அந்த நிலத்தில் மண்வெட்டி வைக்கமாட்டார்கள், அளவுச் சங்கிலி இழுக்கமாட்டார்கள். ஒருவரும் வயல் பக்கம் வராமல் பதினாறு நாள் கிடைத்தால் நாலரை அடியைப் பழையபடி கூட்டிவந்து நிறுத்திவிடுவேன். எனக்கு வேண்டியிருந்தது பதினாறு நாள்தான். யாருடைய சாவு என்று யோசித்தேன். நான் செத்தாலும் அளவு நிற்கும். ஆனால் வரப்பை நகர்த்த ஆள் வேண்டும். அண்ணனுக்கு எழுபத்தெட்டு வயது, சர்க்கரை வேறு. எல்லாக் கோணத்திலும் பார்த்தால் அவர்தான் பொருத்தம்.

வீரமணி தன் கரும்புக்குப் பன்றி வராமல் இருக்க மோட்டார் கொட்டகையிலிருந்து மின்கம்பி இழுத்திருந்தான். அதில் ஒரு பகுதியை அண்ணன் தினமும் மடை திறக்கப் போகும் வரப்பு வரைக்கும் கொண்டுபோனேன். கொட்டகைச் சாவி எந்த ஆணியில் தொங்கும் என்பது எங்கள் மூன்று வீட்டுக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் அண்ணன் வந்தார். தோளில் மண்வெட்டி. ஏதோ சாமி பாட்டு முனகிக்கொண்டே வந்தார். பாட்டு பாதியில் நின்றது. அவர் கஷ்டப்படவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். அண்ணன் டார்ச்சை மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறார். அதை எடுத்துக்கொண்டு சுகுமார் பின்னாலேயே வந்தான். அப்பா கிடப்பதைப் பார்த்தான். ஓடி வந்தான். கம்பியைப் பார்த்ததும் நின்றான். கம்பெனியில் வேலை பார்க்கிறவன், விவரம் தெரியும். கொட்டகைப் பக்கம் திரும்பினான். நான் வாசலில் நின்றிருந்தேன்.

"சித்தப்பா, ஆப் பண்ணு சித்தப்பா. கரண்ட்ட நிறுத்து."

சுவிட்சு என் கைக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. ஆனால் அதன் பிடிமேல் ஒரு வெள்ளைக் கொக்கு நின்றுகொண்டிருந்தது. ஒற்றைக் காலில் நின்றது. நான் கையை நீட்டினேன். அது என்னைப் பார்த்துத் தலையை இடமும் வலமும் ஆட்டியது. இருபது எண்ணும் நேரம் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். "சித்தப்பா, நிறுத்திட்டியா?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. நிறுத்திவிட்டேன் என்று எடுத்துக்கொண்டான். அப்பாவைத் தூக்கக் குனிந்தான்.

பிறகு கொக்கு பறந்துபோனது. நான் சுவிட்சை அணைத்தேன். என்னை அந்த இடத்தில் பார்த்த ஒரே ஆள் சுகுமார்தான் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

போலீசார் கேட்டது ஒரு பேர். "யாரப் பாத்தீங்க பெரியவரே?" "வீரமணி கொட்டாய்லேர்ந்து போனான்" என்றேன். அவனை உள்ளே தள்ளும் எண்ணம் எனக்கு இல்லை. கம்பி அவனுடையது, கொட்டகை அவனுடையது, டீக்கடைப் பேச்சும் அவனுடையது. வாயில் வந்த பேரும் அவனுடையதாக இருந்ததில் ஆச்சரியம் இல்லை. கோர்ட்டில் நான் அரசுத் தரப்பின் மூன்றாம் சாட்சி. நான் சொன்னால் ஊரில் ஒரு நாய்கூட நம்பாது. வெள்ளைக்கார கவர்னரின் குதிரைக்குப் பாகூர் ஏரியில் நீச்சல் கற்றுக்கொடுத்தவன் நான். பிரெஞ்சுக்காரன் போனபோது எனக்கு இரண்டு வயது. அப்படிப்பட்டவன் கூண்டில் ஏறி ஒரு பொய்யைச் சொன்னதும், அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். வாழ்நாளில் அப்படி ஒரு மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை.

தாயாரம்மாள் பக்கத்து வீடு. தினமும் மத்தியானம் எனக்குச் சோறு கொண்டுவருகிறாள். மகனை ஜெயிலுக்கு அனுப்பின வாய்க்கு மீன்குழம்பு ஊற்றுகிறாள். "உன் கண்ணு பாத்தத நீ சொன்ன, உன்மேல இன்னா தப்பு" என்பாள். போன தை மாதம் தாங்க முடியாமல் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொக்கையும் சொன்னேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, சிரிப்போடு சிரிப்பாக அழுதாள். "சும்மா இருண்ணா. புள்ளையக் காப்பாத்த உந்தலையக் குடுக்கப் பாக்குறியா? கொக்காம், கொக்கு." அன்று இரண்டு துண்டு மீன் கூடுதலாக வைத்தாள். ஊரிலும் அப்படித்தான். தங்கை மகனுக்காகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிற மனுஷன் என்று டீக்கடையில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள்.

பதினாறு நாள் கேட்டேன், நாலு வருஷம் கிடைத்திருக்கிறது. வழக்கு முடியும்வரை நிலத்தை யாரும் அளக்கப்போவதில்லை. வரப்பைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகவும் எனக்கு நேரம் அமையவில்லை. இந்த சம்பாவுக்கும் அண்டை கழித்தேன். கை பழகிவிட்டது. அதே இரண்டு விரல்.

செல்வகுமாரி ஒருத்திதான் நம்புகிறாள். போன வாரம் இரண்டாவது காகிதத்தைப் படித்துவிட்டு, கொக்கு வரும் இடத்தில் விரலை வைத்தாள்.

"தாத்தா, கல்ல நகத்துனது, சங்கிலி இழுக்காத வழக்கம், எல்லாம் அளந்து பாத்தா, விசாரிச்சா நிரூபணமாயிடும். ஒங்க வாயால சொல்றது இருந்தா வீரமணி வெளிய வந்துடுவாரு. ஆனா இந்தக் கொக்கு இருந்தா மொத்தத்தையும் தூக்கிக் கடாசிடுவாங்க. இத மட்டும் எடுத்துடுங்க."

"அது இருந்துதும்மா."

"இருந்துது, சரி. எழுத வேணாம். ஒரு பத்திதான்."

"அத எடுத்தா அந்த எடத்துல இன்னா எழுதறது?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "இன்னா நடந்துதோ அத" என்றாள். பிறகு ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டாள்.

தாயாரம்மாளுக்கு அறுபத்தொன்பது வயது. மகன் வருவதற்குள் கண் மூடிவிடுவேனோ என்ற பயம் அவளுக்கு. எனக்கும் அது தெரியும். அதனால் இன்று காலை, வக்கீலம்மா திருப்பிக் கொடுத்த காகிதத்தில் கொக்குப் பத்தியைப் பேனாவால் அடித்துவிட்டேன். அடித்துவிட்டு மேலிருந்து படித்துப் பார்த்தேன். சுகுமார் கேட்கிறான். சுவிட்சு ஒரு சாண் தள்ளி இருக்கிறது. என் கை இருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. இருபது எண்ணும் நேரம் மட்டும் இருக்கிறது.

மத்தியானம் தாயாரம்மாள் சோறு வைத்துவிட்டுப் போன பிறகு, புதுத் தாள் எடுத்து முதலிலிருந்து தெளிவாக எழுதினேன். வக்கீலம்மா என்ன சொன்னாலும் சரி, நீதிபதி என்ன நினைத்தாலும் சரி, மேலே உள்ளதெல்லாம் நடந்தது. முட்டை குஞ்சு பொரித்ததை வேண்டுமானால் அடித்துக்கொள்ளட்டும்.

கொக்கு இருந்தது அய்யா.