கவனக்குறைவு அல்ல

மணலில் இறங்குவதற்கு முன் வண்டியின் டயர்களில் பாதிக் காற்றை வெளியேற்றிவிட வேண்டும். அந்த வேலை எனக்குப் பிடிக்கும். குந்தி உட்கார்ந்து வால்வை அழுத்தினால் உஸ்ஸென்று ஒரே சீராகச் சத்தம் வரும். நான்கு டயருக்கும் கால்மணி நேரம் ஆகும். அதுவரை யாரும் பக்கத்தில் வந்து ஆறுதல் சொல்ல மாட்டார்கள்.

நீங்கள் போலீஸ் எழுதிய அரபி அறிக்கையை எனக்காகத் தமிழில் வாசித்தீர்கள், சதக்கத்துல்லா சார். 'கவனக்குறைவால் மரணம் விளைவித்தது' என்று அதில் இருக்கிறது. கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். நான் போடாததில் அந்த அதிகாரிக்கு வருத்தம் என்று தெரிகிறது. இரண்டாம் முறை டீ வரவழைத்திருக்கிறார். பேனாவையும் என் பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறார். அவரிடம் சொல்லுங்கள்: நான் இருபத்தாறு வருடம் ஃபிசிக்ஸ் சொல்லிக்கொடுத்தவள். தப்பான விடையின் கீழே கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை. ரெங்கராஜ் விஷயத்தில் நான் ரொம்பக் கவனமாக இருந்தேன். அதை முதல் வரியாக எழுதிக்கொள்ளட்டும். மற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

என் கணவர் பத்மநாபன் இறந்து இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. ஏசி பிளாண்ட் எஞ்சினியர். சனிக்கிழமை தோறும் பாலைவனத்துக்குப் போகும் தமிழர் குழு ஒன்றில் சேர்ந்திருந்தார். குழுவை நடத்தியவர் ரெங்கராஜ், பொள்ளாச்சிக்காரர். ஷார்ஜாவில் பதாயர் பக்கம் ஒரு மணல்மேட்டின் அடியில் என் கணவரின் வண்டி புதைந்துபோனது. ரெங்கராஜ் தன் வண்டியை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். இழுக்கும் கயிற்றின் ஒரு முனையை இவர் வண்டியின் முன்கொக்கியில் மாட்டினார்கள். இன்னொரு முனையை ரெங்கராஜின் வண்டிக்குப் பின்னால், டிரெய்லர் கோர்ப்பதற்காக வைத்திருந்த இரும்பு உருண்டையில் மாட்டினார்கள்.

அந்த உருண்டை டிரெய்லரை இழுத்துக்கொண்டு சாலையில் ஓடுவதற்கானது. மணலில் புதைந்த வண்டியை வெட்டி இழுக்கிற விசையைத் தாங்காது. அந்தக் கயிறோ ரப்பர் மாதிரி நீளும். உருண்டை கழுத்தோடு முறிந்தால், கயிற்றில் தேங்கிய விசை முழுவதும் அதைப் பின்னால் எறியும். கவணும் கல்லும் மாதிரி என்று என் வகுப்பில் சொல்வேன். பின்னால் என் கணவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கயிற்றை உருண்டையில் மாட்டியது யார் என்பதுதான் கேள்வி. ரெங்கராஜ் உங்கள் இலாகாவில் சொன்னது: "கொக்கியில மாட்டச் சொன்னேனுங்க. சார் எறங்கி மாட்டிட்டுப் போயி உக்காந்து, மாட்டியாச்சுன்னு ரேடியோல சொன்னாருங்க. நான் எறங்கிப் பாத்திருக்கோணும். பாக்கலைங்க." அதை நம்பி, இறந்தவரின் கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிட்டீர்கள்.

சார், என் கணவர் படுக்கப் போகுமுன் கேஸ் சிலிண்டரை மூன்று தடவை தொட்டுப் பார்ப்பார். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டு, லிஃப்ட் வரை போய்த் திரும்பி வந்து மறுபடி இழுப்பார். அவரைப் போய்க் கவனமில்லாதவர் என்று எழுதினால் நான் எப்படி நம்புவது?

காரியம் முடிகிற வரை ரெங்கராஜின் மனைவி சம்யுக்தா தினமும் அல் நஹ்தாவில் இருக்கும் என் ஃபிளாட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். பதினாறு நாளும் வந்தாள். ரெங்கராஜ் வாசலோடு நிற்பார். ஒருநாள் மட்டும் உள்ளே வந்து, இவர் படத்தின் முன்னால் விழுந்து கும்பிட்டார். தப்புச் செய்யாதவன் எதற்காக விழுந்து கும்பிட வேண்டும்? அன்றைக்கே எனக்கு முடிவாகிவிட்டது.

பிறகு ஒன்று தெரியவந்தது. குழுவில் புதிதாக யார் சேர்ந்தாலும் ரெங்கராஜ் முதல் நாள் நிற்க வைத்து ஒரு பாடம் எடுக்கிறாராம். டிரெய்லர் உருண்டையில் கயிறு மாட்டாதீர்கள், பத்மநாபன் சார் அப்படித்தான் போனார் என்று சொல்வாராம். இவர் பெயரைச் சொல்லி. வாராவாரம், தெரியாதவர்கள் முன்னால், மணலில் நிற்க வைத்து.

நானும் அந்தக் குழுவில் சேர்ந்தேன்.

அவருக்குச் சந்தோஷம். கண் கலங்கிவிட்டது. "மேடம், நீங்க வந்ததே சாருக்குப் பெரிய மரியாதைங்க" என்றார். எனக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்தார். ஒன்றரை வருடம், மழையானாலும் வெயிலானாலும் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தயாராக நிற்பார். மணல்மேட்டில் எந்தக் கோணத்தில் ஏற வேண்டும், புதைந்தால் ஏன் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கக் கூடாது, கயிறு எவ்வளவு நீளும், எல்லாம் சொன்னார். பொறுமையான ஆள். கேள்வி கேட்டால் மணலிலேயே குச்சியால் படம் போட்டு விளக்குவார். நல்ல ஆசிரியர் என்று என்னால் சான்றிதழ் தர முடியும்.

போன மாதம் ஷார்ஜா தொழில்பேட்டையில் முகம்மது யூசுப் என்பவரின் கேரேஜில் என் வண்டிக்குப் பின்னால் உருண்டை பொருத்தினேன். அவர் அதிராம்பட்டினத்துக்காரர். அவர் மேல் குற்றம் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே எச்சரித்தார்.

"மேடம், இது டிரெய்லருக்கு மட்டுந்தான். மணல்ல இதுல கட்டி யாரையும் இழுத்துடாதீங்க. ஆளக் கொன்னுரும்."

"தெரியும் பாய். தம்பி ஜெட் ஸ்கீ வாங்கறான், அதுக்குத்தான்" என்றேன்.

எனக்குத் தம்பி கிடையாது.

அடுத்த சனிக்கிழமையே ரெங்கராஜ் அதைப் பார்த்துவிட்டார். முகம் வெளுத்துப்போனது. "மணலுக்கு வர்றப்ப இதைக் கழட்டி வெச்சுட்டு வாங்க மேடம். பாத்தாலே சார் ஞாபகம் வருதுங்க" என்றார். சரி என்றேன். அடுத்த வாரமும் கேட்டார். கேரேஜில் நேரம் கிடைக்கவில்லை என்றேன். அதற்கு மேல் என்னிடம் கண்டிப்பாகப் பேச அவருக்கு வாய் வராது. அது எனக்குத் தெரியும்.

இனி அந்த நாள். புதைந்த வண்டியை மீட்பதில் எனக்குத் தேர்வு. அதில் தேறினால் குழுவில் மீட்பு ஆளாக என்னைச் சேர்த்துக்கொள்வார்கள். தேர்வுக்காக ரெங்கராஜ் வேண்டுமென்றே தன் வண்டியை மணலில் புதைத்தார். சக்கரங்கள் பாதி மறையும் வரை புதைத்தார். மற்ற மூன்று வண்டிகளும் மேட்டுக்கு அந்தப்புறம் போய் நின்றன. நான் என் வண்டியை அவருக்கு முன்னால் நிறுத்தி, அவர் வண்டியின் முன்கொக்கியில் ஒரு முனையையும் என் வண்டியின் பின்கொக்கியில் மறுமுனையையும் மாட்டினேன். அவர் இறங்கி வந்து குனிந்து பார்த்தார். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். இப்போதெல்லாம் ஒருமுறைகூடப் பார்க்காமல் விட மாட்டார். "நூத்துக்கு நூறுங்க மேடம்" என்றார். தன் வண்டிக்குத் திரும்பிப் போய்ப் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

நான் முதுகால் மறைத்துக்கொண்டு குனிந்து, கயிற்றைக் கொக்கியிலிருந்து கழற்றி, ஒரு சாண் தள்ளியிருந்த உருண்டையில் மாட்டினேன்.

"என்னங்க மேடம், ஏதாவது சிக்கலா?" என்று ரேடியோவில் கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார். கயிறு முறுக்கியிருக்கு, எடுத்துவிடறேன்."

"ஆகட்டுங்க. அவசரமில்ல, நிதானமாவே செய்யுங்க."

எனக்கு அவசரம் இல்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து, ரேடியோவை எடுத்து, "மாட்டியாச்சு" என்றேன். அந்தச் சொல்லையே சொல்ல வேண்டும் என்று முன்பே தீர்மானித்திருந்தேன். அவரும் "மாட்டியாச்சு" என்று ஒரு தடவை திருப்பிச் சொன்னார். பிறகு "சரிங்க" என்றார்.

முதல் இழுப்பில் உருண்டை தாங்கியது. அவர் வண்டி ஒரு முழம் நகர்ந்தது. "நல்லா வருதுங்க மேடம். பின்னால வந்துட்டு இன்னுங் கொஞ்சம் வேகமா எடுங்க" என்றார். பின்னால் வந்தேன். கயிறு மணலில் தொய்ந்து விழுந்தது. அப்போது நான் இறங்கிக் கயிற்றை மாற்றியிருக்கலாம். அதற்கு அரை நிமிடம் போதும். நான் கியரை மாற்றினேன்.

இரண்டாவது இழுப்பில் என் வண்டி சட்டென்று லேசாகி முன்னால் பாய்ந்தது. சத்தம் நினைத்ததைவிடக் குறைவு. கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். அவருடைய முன்கண்ணாடியில் ஸ்டீயரிங்குக்கு நேர் மேலே ஒரு ஓட்டை. ரேடியோவில், "சார், கேக்குதா?" என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். இழுத்து முடித்ததும் எதிர் வண்டியைக் கூப்பிட வேண்டும் என்பது அவர் சொல்லித்தந்த முறை. பதில் வராததால் மற்றவர்களைக் கூப்பிட்டேன்.

சம்யுக்தாவுக்கு நான்தான் போன் செய்தேன். அன்று மாலையிலிருந்து அவள் கூடவே இருந்தேன். பதினாறு நாளும் என் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுபோனேன். ஒரு நாளும் வைத்த குழம்பையே மறுபடி வைத்ததில்லை. என் மடியில் படுத்து அழுதாள். "உங்களுக்குத்தானுங்கக்கா இது புரியும்" என்றாள். புரிந்தது. அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இப்போது வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். எனக்குச் சாதகமாகச் சொல்லத்தான் வந்திருக்கிறாள். அக்கா மேல் தப்பில்லை, விட்டுவிடுங்கள் என்று உங்களிடம் கேட்பாள். அவளிடம் இதைச் சொல்லும்போது தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

அவ்வளவுதான். அவர் என் கணவரைக் கொன்றுவிட்டுப் பழியையும் அவர் மேலேயே போட்டார். நான் கொன்றேன். பழியை நானே ஏற்றுக்கொள்கிறேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அதிகாரி குறித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது எதற்கு என் போனைக் காட்டுகிறீர்கள்? ஆமாம், அது ரெங்கராஜ் அனுப்பிய வீடியோதான். தேர்வு நாள் காலை ஏழு ஐம்பதுக்கு அனுப்பினார். திறக்கவில்லை.

சரி, அதையும் சொல்கிறேன். தேர்வுக்கு முன்னால் டயரில் காற்று இறக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு மட்டும் வந்தார். என் கணவரின் வண்டி புதைந்த அன்று, குழுவிலிருந்த விஷால் மேட்டின் மேல் நின்று விளையாட்டாகப் படம் பிடித்தானாம். போலீஸ் அதைப் பார்த்த பிறகுதான் அறிக்கை எழுதியதாம். "உங்களுக்குக் காட்ட வேண்டாம்னு நான்தான் எல்லாருகிட்டயும் சத்தியம் வாங்குனேனுங்க" என்றார். ஏன் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். "சார் போனு பேசிக்கிட்டே மாட்டுனாருங்க. தோளுக்கும் காதுக்கும் நடுவுல போன வெச்சுக்கிட்டு. அதுல பேசறவங்க குரலும் கேக்குதுங்க. நீங்க என்னை ஏதோ மனசுல வெச்சுக்கிட்டுத்தான் பழகறீங்கன்னு எனக்குத் தெரியுங்க. உண்மையப் பாத்துக்குங்க. பாத்துட்டு என்ன நெனைச்சாலும் சரி" என்றார்.

நான் அடுத்த டயருக்குப் போய்விட்டேன்.

வேண்டாம், சார். அதைப் போட வேண்டாம். இவர் போன அன்றைக்குச் சாப்பாட்டுக்கு வீட்டில் ஆட்களைக் கூப்பிட்டிருந்தேன். மணி பன்னிரண்டாகிவிட்டது. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கத்தான் இவருக்குப் போன் செய்தேன். எந்த வீட்டிலும் பெண்கள் கேட்பதுதான். 'சீக்கிரம்' என்று நான் சொல்லியிருக்க மாட்டேன்.