மூணாம் நாள் காத்து

அழகுமலை: …இன்னும் பிரியலையா பாய், ஒங்க மகளுக்கு?

சைனுதீன்: இல்லீங்க. உங்க பையனுக்கு?

அழகுமலை: ம்ஹூம்.

சைனுதீன்: ஆப்பரேசன் முடிஞ்சு இன்னிக்கு மூணாம் நாளுங்க.

அழகுமலை: ரெண்டு பிள்ளைக்கும் ஒரே நாள்தான. உடும்பஞ்சோலைல இருந்து நானும், பாலக்காட்டுல இருந்து நீங்களும் இம்புட்டுத் தூரம் வந்து, கடைசில ஒரு குசுவுக்குக் காவல் காக்குறோம்.

சைனுதீன்: மெதுவாங்க… சிஸ்டர் காதுல விழுகப்போகுது.

அழகுமலை: அவுகளே மணிக்கொருதரம் வந்து அதத்தான கேக்குறாக.

சைனுதீன்: அதுவுஞ் சரிதானுங்க. காத்துப் பிரிஞ்சாத்தான் தெச்ச கொடலு வேல செய்யுதுன்னு அர்த்தமாம். அதுவரைக்கும் சொட்டுத் தண்ணி குடுக்கக்கூடாதுன்னுட்டாரே டாக்டரு.

அழகுமலை: நேத்தெல்லாம் எம்மவன் தண்ணி தண்ணின்னு அழுதான். அவன் அம்மா கற்பகம் பஞ்ச நனச்சு ஒதட்டுல வச்சா. ஆம்பளைகள வார்டுக்குள்ள விடமாட்டாக, நான் இந்த வாசல்ல நின்னு… விடுங்க.

சைனுதீன்: எத்தன நாள் கஷ்டப்பட்டானுங்க.

அழகுமலை: மூணு வருசம். கடைசிக் குடல்ல நரம்பே இல்லையாம், பெறகு எப்படி வெளிக்குப் போவான்? பத்து நாளைக்கு ஒருக்கா. வயிறு உப்பிக் கெடக்கும். அது தெரியாம நாங்க வெளக்கெண்ணையா ஊத்தினோம்.

சைனுதீன்: நான் மட்டும் என்னங்க? யாஸ்மின் பச்சையா வாந்தி எடுப்பா. பலகாரம் ஒத்துக்கலைன்னு என்ற கடைல இருந்த முட்டாயி பாட்டிலையே ஒளிச்சு வெச்சேன். பொறந்ததுல இருந்தே கொடலு எடம் மாறி முறுக்கிட்டு இருந்திருக்குது.

அழகுமலை: கவலப்படாதீக பாய். பத்து மணிக்குள்ள வந்துரும்.

சைனுதீன்: நீங்களும் தைரியமா இருங்க. உங்க பையனுக்கு இன்னிக்கு நிச்சயங்க.

அழகுமலை: டீ வாங்கியாரவா?

சைனுதீன்: நீங்க குடிச்சா எனக்கும்…

கற்பகம்: ரெண்டு பேரும் இங்கதான் நிக்கிறீகளா?

அழகுமலை: நீ உள்ள போ. பெறகு பேசுவோம்.

கற்பகம்: என்னத்தப் பெறகு? யாஸ்மினுக்கு ரெண்டு ஸ்பூன் தண்ணி குடுத்தா, நம்ம பய தனக்கு மூணு வேணுங்கிறான். ரெண்டுக்கும் குடல் நல்லா வேல செய்யுதுன்னு டாக்டர் சிரிச்சிட்டுப் போறாரு. நீங்க என்னடான்னா மூஞ்சியத் தொங்கப் போட்டு நிக்கிறீக.

சைனுதீன்: …அழகுமலை, உங்க பையனுக்கு எப்பங்க?

அழகுமலை: ஏழு மணிக்கு. பக்கத்துக் கட்டிலுக்கெல்லாம் கேட்டுச்சாம். ஒங்க மகளுக்கு?

சைனுதீன்: ஆறரைக்குங்க. போன்ல சேதி வந்ததும் சந்தோசம் தாங்கல, கத்திச் சொல்லோணும்னுதான் ஓடி வந்தேன்… நீங்க இங்க ஒத்தையா நின்னுட்டு இருந்தீங்க, எனக்கு வாயே வரலீங்க.