லியோ கடைந்த பைப்பு

லேத்தில் வேலை செய்கிறவன் முழுக்கைச் சட்டை போடக் கூடாது, ஐயா. சுழலும் இரும்பு துணியைப் பிடித்தால் ஆளையும் சேர்த்துச் சுற்றிவிடும். நான் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்ததற்கு அதுதான் காரணம். உங்கள் ஏட்டு அதைத் திமிர் என்று நினைத்துவிட்டார்.

நடந்ததை வரிசையாக எழுதித் தரச் சொன்னீர்கள். எனக்கு அது சுலபம். சிதம்பரத்தில் மாலை வகுப்பில் டிப்ளமோ படிக்கிறேன். போகிற பஸ்ஸிலேயே அன்றைய வேலையை நோட்டில் எழுதிவிடுவேன். பகலில் கடலூர் முதுநகரில் ஒரு லேத் பட்டறை. நானும் லியோவும்தான் ஆட்கள். முதலாளி தைரியராஜ் காலையில் திறக்க வருவார், சாயங்காலம் பூட்ட வருவார். அவருக்கு இதில் எதுவும் தெரியாது.

மீன்பிடி போட்டுகளுக்கு ஷாஃப்ட் கடைவது எங்கள் பிழைப்பு. ஒருவன் கடைந்தால் மற்றவன் அளந்து பார்க்க வேண்டும். மெஷின் சத்தத்தில் பேச முடியாது என்பதால், அளந்தவன் ஒன்றும் சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தம். தப்பு என்றால் மட்டும் வாயைத் திறக்க வேண்டும்.

நான் எல்லாவற்றுக்கும் வாயைத் திறந்துகொண்டிருந்தேன். மூன்று முறை அளப்பேன். மூன்றும் ஒன்றாக வந்தால் மைக்ரோமீட்டர் மேல் சந்தேகம் வரும். ஜனவரியில் ஒரு ஷாஃப்டைத் தப்பு என்று சொல்லி ஒரு போட்டை இரண்டு நாள் கரையில் நிறுத்திவிட்டேன். கடைசியில் ஷாஃப்டில் ஒரு குறையும் இல்லை. அன்றிலிருந்து லியோ என்னைத் தோமையார் என்று கூப்பிட்டான், ஏசுவின் காயத்தில் விரல் விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற சீடர் அவர். "ஆண்டவரே நேர்ல வந்தாலும் அமலன் வெர்னியர் வெச்சிப் பாத்துட்டுதான் முட்டி போடுவான்" என்று கோயில் வாசலில், பூசை முடிந்து வந்த அத்தனை பேர் முன்னாலும் சொன்னான். ஜெனிட்டாவும் சிரித்தாள். ஜெனிட்டா யார் என்பது இந்த வழக்குக்குத் தேவையில்லை.

மார்ச்சில் காடாம்புலியூரிலிருந்து கொளஞ்சியப்பன் மாமா வந்தார். முந்திரித் தோப்பு வைத்திருக்கிறவர். காட்டுப்பன்றித் தொல்லை. அவருடைய பழைய ரைஃபிளின் குழல் துருவேறிவிட்டதால் அதே மாதிரி ஒன்று கடைந்து தரச் சொன்னார். சட்டப்படி தப்பு என்றேன். லியோ கடைந்து தர ஒத்துக்கொண்டான். பட்டறையில் அதைப் பைப்பு என்றுதான் சொல்லிக்கொண்டோம். என் பங்குக்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனமும் செய்துவிட்டேன். மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். எண்ணிக்கை தவறியிருக்குமோ என்று ஐந்து சொன்னேன்.

குழல் பின்பக்கம் தடித்து, முனைக்குப் போகப் போக மெலிய வேண்டும். இரும்பின் மறுமுனையைத் தாங்கும் பின்தலையை லேத்தில் கொஞ்சம் நகர்த்தி வைத்து லியோ அந்தச் சரிவை அழகாகக் கொண்டுவந்தான். விரல் வைத்தால் வழுக்கியது. ஆனால் உள்ளே துளை நடுவில் இல்லை. மருந்து வெடிக்கும் இடத்தில் சுவர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தது. ஐந்து முறை அளந்தேன். ஐந்தும் ஒன்று. வாழ்க்கையில் முதன்முறையாக எனக்குச் சந்தேகமே வரவில்லை.

லியோ அடுத்த லேத்திலிருந்து கத்தினான். "என்னா தோமையாரே, விரல உட்டுப் பாத்தாச்சா? நம்பலாமா?"

சொல்லியிருந்தால் அவன் சிரித்திருப்பான். இல்லையென்றால் முணுமுணுத்துக்கொண்டே வேறொன்று கடைந்திருப்பான். எப்படியும் நான் சொன்னது சரி என்பது யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் வழக்கப்படி அது சரி என்று ஆனது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நானும் லியோவும் மாமாவின் தோப்புக்குப் போனோம். தான் கடைந்ததில் முதல் குண்டு தான்தான் போடுவதாக லியோ முன்பே சொல்லியிருந்தான். வெயில் அதிகம் என்று நான் ஒரு பலா மரத்துக்குப் பின்னால் நின்றேன். வெயில் மரத்துக்கு நான் நின்ற பக்கம்தான் இருந்தது என்பதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன். சுளை வெட்டித் தாருங்கள் என்று கொளஞ்சியப்பன் மாமாவையும் என் பக்கம் கூப்பிட்டுக்கொண்டேன். அவர் நல்ல மனிதர். அவருக்கு ஒன்றும் ஆகக் கூடாது.

லியோ கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்துச் சுட்டான். குழல் பின்பக்கத்தில் கிழிந்தது. அவனுடைய வலது கண்ணும் இரண்டு விரலும் போயின.

மாமா ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துகொண்டிருந்தபோது கிழிந்த துண்டை எடுத்து அளந்தேன். நான் நோட்டில் எழுதியிருந்த அதே மெலிந்த பக்கம்தான். பன்றி சுடும் இடத்துக்கு மைக்ரோமீட்டர் எதற்கு என்று கேட்பீர்கள். பழக்கம், ஐயா.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் லியோ பேசினான். முகத்தில் பாதி கட்டு. முதல் கேள்வியே பைப்பைப் பற்றித்தான். துளை கோணல் என்றேன்.

"அன்னிக்கே நீ சொல்லியிருப்ப மச்சான். மெசின் சத்தத்துல எனக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் நக்கல் பண்ணியிருப்பேன், அது வேற. சொன்னல்ல?"

ஒரு வார்த்தையில் அதைத் திருத்தியிருக்கலாம். ஆனால் அவன் மிச்சமிருந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்தான். அதில் கிண்டல் இல்லை. "இனிமே நீ சரின்னாதான்டா எனக்குச் சரி" என்றான். என் அளவை ஒருவர் நம்புவது எனக்கு அதுதான் முதல் தடவை. உடம்பு சரியில்லாதவனிடம் வாக்குவாதம் வேண்டாம் என்று, "ஆமாண்டா, சொன்னேன்" என்றேன்.