கை சொன்ன ரோடு

எனக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது, சார். மூன்றாவது வளைவிலேயே குமட்டும். அந்த ஜீப்பின் ஸ்டியரிங்கைச் செய்தவள் நான் என்றாலும் ஒருநாள்கூட அதில் போடிமெட்டுக்குப் போனதில்லை. கீழே போடியில், பட்டறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில்தான் பார்ப்பேன். அன்றும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த வண்டியில் ஸ்டியரிங்குக்கும் முன் டயருக்கும் நடுவே இரும்புத் தண்டு கிடையாது. திருப்புவதைக் கம்பி வழியாக டயருக்குச் சொல்லிவிடும். ஆனால் டயர் படும் பாடு கைக்கு வந்து சேராது. அதற்காக ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிறு மோட்டார். ரோட்டில் டயர் நன்றாகப் பிடித்தால் கையில் கனம் கொடுக்க வேண்டும். வழுக்கினால் லேசாக விட வேண்டும். அதை மோட்டாருக்குச் சொல்லித் தருவது என் வேலை.

வண்டி ஏலக்காய்த் தோட்டக்காரர் சவுகத் அலி பாயுடையது. அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. புது வண்டி எதுவானாலும் டிரைவர் சோணை செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு தடவை மலையில் ஏற்றி இறக்கிப் பார்ப்பார். அவர் சரி என்றால்தான் தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள் ஏறுவார்கள்.

முதல் நாள் இறங்கி வந்தவரிடம் கேட்டேன்.

"எப்படிண்ணே இருக்கு?"

"பொணத்தோட கையப் புடிச்ச மாதிரி இருக்கு ஆத்தா."

பெண்கள் சிரித்தார்கள். சிலமலை ஊர்க்காரி ஜக்கம்மாளுக்குத்தான் சிரிப்பு அடங்கவே இல்லை. "மெட்ராசுல ஒம்பது வருசம் சோலி பாத்துட்டு வந்து பொணத்தச் செஞ்சிருக்காக!"

நானும் சிரித்தேன்.

எட்டுத் தடவை மாற்றிக் கொடுத்தேன். "இது ரோடு இல்ல ஆத்தா, கிரைண்டரு" என்றார். "குலுக்குது, பேசமாட்டேங்குது" என்றார். ஒவ்வொன்றுக்கும் ஜக்கம்மாள் சிரித்தாள். கடைசியில் பாய் சொன்னார்: "ஜோதிம்மா, அடுத்த தடவையும் சோணை வேணாம்னா பழைய ஸ்டியரிங்கையே மாட்டிருவோம்." என் மூன்று வருட உழைப்பு அது. ஆனாலும் எனக்குக் கோபம் இல்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்பதாவது தடவை நான் புதிதாக எதுவும் செய்யவில்லை. சித்திரை வெயிலில் அவருடைய பழைய ஜீப்பில் கருவி மாட்டி, வளைவு வளைவாக அவர் கைக்கு வந்ததையெல்லாம் பதிவு செய்து வைத்திருந்தேன். அதையே புது வண்டியில் ஓடவிட்டேன். வண்டி எந்த வளைவில் போகிறதோ அந்த வளைவின் பதிவு கைக்கு வரும். இன்றைய ரோட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

இறங்கி வந்தவர் ஸ்டியரிங்கைத் தடவிக் கொடுத்தார். "இப்பத்தான் பேசுது. யாரு சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதாண்ணே."

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் அவர் வீட்டிலிருந்து எனக்குப் பணியாரம் வந்தது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்திருந்தேன், அந்தப் பெண்கள் எல்லோரும் இருக்கும்போது. "அண்ணே, உங்க கைக்கு ஒண்ணுமே தெரியல" என்று. அதைச் சொல்வதற்குக் காய்ந்த ரோடு போதாது. ஆனி மழை வரைக்கும் பொறுத்திருந்தேன்.

அன்று நாலு மணிக்கு வேலை முடிந்து எட்டுப் பெண்களோடு இறங்கினார். மெட்டில் நல்ல மழை. என் திரையில் இரண்டு கோடுகள். ஒன்று டயர் உணர்வது, இன்னொன்று அவர் கைக்குப் போவது. முதல் வளைவிலேயே இரண்டும் பிரிந்தன. ஒரு பொத்தானை அழுத்தினால் நிஜ ரோடு அவர் கைக்குப் போய்விடும். போனும் பக்கத்தில்தான் இருந்தது. சோதனை வண்டி என்பதால் உள்ளே மைக் இருந்தது, பேசுவதெல்லாம் கேட்டது.

"அண்ணே, மெல்லப் போங்க. ரோட்டுல தண்ணி ஓடுது." ஜக்கம்மாள்தான்.

"கண்ணுக்கு அப்படித்தான் தெரியுது ஆத்தா. கை கெட்டிங்குது. டயரு நல்லாப் புடிக்குது."

"நெசமாவா?"

"இருவத்தாறு வருசமா இந்தக் கைய நம்பித்தான வர்றீக?"

"அப்ப வெரசாப் போங்க. புள்ள பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்கும்."

பதினொரு வளைவு கேட்டுக்கொண்டிருந்தேன். கோடுகளுக்கு நடுவே என் கையை வைக்கும் அளவு இடைவெளி விழுந்துவிட்டது. அவருக்குத் தெரியவில்லை. பன்னிரண்டாவது வளைவில் டயரின் கோடு அடியைத் தொட்டது. மற்றது அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மைக்கின் சத்தத்தைக் குறைத்தேன்.

இறந்தது சோணை அண்ணனும் ஐந்து பெண்களும் என்று பிறகு சொன்னார்கள்.

பொத்தானை ஏன் அழுத்தவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அழுத்தியிருந்தால் அவர் கண்டுபிடித்திருப்பாரா இல்லையா என்று கடைசி வரை தெரியாமலே போயிருக்கும். அவர் கண்டுபிடித்துவிடுவார் என்றுதான் ஒவ்வொரு வளைவிலும் காத்திருந்தேன். அவரிடம் நான் பொய் சொல்லவில்லை. அவருடைய கைதான் அவருக்குச் சொன்னது.

ஜக்கம்மாளுக்கு நினைவு திரும்பிவிட்டது என்றார்கள். அவளைக் கேளுங்கள், சார். சோணை அண்ணன் கடைசி வரைக்கும் ஸ்டியரிங்கைக் குறை சொல்லவில்லை. அவள் சொன்னால் பாய் நம்புவார்.