அம்மை போட்ட வீட்டில் ஊசி

ஆந்திராவோடு எல்லைத் தகராறு நடந்துகொண்டிருந்த வருஷம். திருப்பதி பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நகரி நெசவுக்காரம்மா தன் நாத்தனாரிடம் சொன்னாள்:

“ஆத்தாளுக்கு வேப்பிலை, உங்கண்ணனுக்கு ஊசி. ரெண்டையும் நான் வுடல.”

“அம்மை போட்ட வூட்ல ஊசியா அண்ணி! ஆத்தா கோவிச்சுக்கல?”

“சக்கரை வியாதிக்காரன்னு தெரிஞ்சுதானே வந்தா? பொறுத்துக்கட்டும்.”

“அண்ணன் ஒண்ணும் துன்னலியாமே, அப்புறம் ஊசி எதுக்கு?”

“துன்னாட்டியும் காய்ச்சல்ல சக்கரை ஏறும், நிறுத்தாதேன்னு டாக்டர் சொல்லிகீறாரு. கஞ்சித்தண்ணி குடுத்துக்கினே போட்டேன். உங்கம்மா எங்கிட்ட பேசறதையே வுட்டாங்க. இன்னிக்கு உங்கண்ணன் தறியில உக்காந்துக்கினு கீறாரு பாரு!”

நான் பி.ஏ. படித்தவன். முந்தைய பங்குனியில் அம்மை போட்ட என் மனைவிக்கும் சர்க்கரை வியாதி. ஊரார் பேச்சுக்குப் பயந்து ஊசியை நிறுத்தினேன். அவள் பிழைக்கவில்லை.

அந்தம்மா இறங்கும்போது எழுந்து நின்று வழிவிட்டேன்.