தரை தொடாத தலைமையாசிரியர்

இந்த அறையில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது, ஐயா. நாற்காலியைச் சன்னல் பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் உங்கள் முகத்தில் நிழல் விழாது. தவறாக நினைக்காதீர்கள். பள்ளியில் வீடியோ கிளப் நடத்துகிறவன், கண் அப்படிப் பழகிவிட்டது.

தலைமையாசிரியர்மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. கிளப்பை மூடிவிட்டு அந்த அறையில் உடைந்த பெஞ்சுகளைப் போடப் போவதாகச் சொன்னபோதும் பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டேன். "பொம்மைய நகத்தி நகத்திப் படம் புடிக்கிறதெல்லாம் ஒரு படிப்பாய்யா?" என்றார். அந்த அறையை விட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது? "நீங்களே ஒரு படத்துல நடிங்க சார்" என்றேன். மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வித்தை எளிது. ஆளைக் குதிக்கச் சொல்லி, கால் தரையை விட்டு எழும்பிய நொடியில் ஒரு படம். ஓரடி முன்னால் வந்து மறுபடி குதிக்க வேண்டும், மறுபடி ஒரு படம். கால் தரையில் பட்ட படங்களை நீக்கிவிட்டு மற்றதை வரிசையாக ஓட்டினால் ஆள் மிதந்து போவார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே ஒரே பாடத்தில் புரிந்துவிடும்.

அவருக்குப் புரியவில்லை. ஒரு வாரம் வராந்தாவில் தொப்பை குலுங்கக் குதித்து, மூச்சு வாங்கி, என்னைத் திட்டித் தீர்த்தவர், படத்தைப் பார்த்ததும் குதித்ததையே மறந்துவிட்டார். திரையில் கைகட்டியபடி, வகுப்பு வகுப்பாக எட்டிப் பார்த்துக்கொண்டு மிதந்தார். "இது நான்தானா?" என்றார், கண் கலங்கியிருந்தது. தினமும் மதியம் வந்து பார்த்தார். பெஞ்சுப் பேச்சே எடுக்கவில்லை.

பிறகு அவர் மனைவி போன் செய்தார். "பீரோ மேல ஏறி ஏறிக் குதிக்கிறாருங்க. அப்படி என்னதான் சொல்லிக் குடுத்தீங்க?"

நடிப்புப் பயிற்சி என்றேன்.

கிளப்பில் வாயாடிப் பெண் ஒருத்தி இருக்கிறாள். "சார், கால் தரையில பட்ட படத்தையும் அவருக்குக் காட்டிருங்களேன். பாவம், நெஜமாவே பறக்கிறதா நெனச்சிட்டிருக்காரு" என்றாள். கெட்டிக்காரி. ஆனால் காட்டினால் அவர் மனம் உடைந்துபோகும், மறுநாளே பெஞ்சுகள் வந்து இறங்கும். வேலையைப் பார் என்று சொல்லி அனுப்பினேன்.

ஆண்டு விழாவுக்காக மொட்டைமாடியிலிருந்து மிதந்து இறங்கும் காட்சி வேண்டும் என்று கேட்டவர் அவர்தான், நான் அல்ல. ஞாயிற்றுக்கிழமை பள்ளியில் ஈ காக்கை இல்லை. அவர் கைப்பிடிச் சுவர்மேல் நின்றார். நான் கீழே கேமராவோடு நின்றேன். "கீழ மெத்தை ஏதாச்சும் போடணுமாய்யா?" என்று ஒரு தடவை கேட்டார். நியாயமான கேள்வி. விளையாட்டு அறையில் தடித்த மெத்தைகள் இருந்தன, சாவி என் சட்டைப்பையிலேயே இருந்தது.

"மெத்தை படத்துல தெரியும் சார்" என்றேன்.

தலையாட்டிவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார். அறை இன்னமும் கிளப்பிடம்தான் இருக்கிறது.

நீங்கள் இதைக் கொலை என்கிறீர்கள். என் கேமராவை நிதானமாகப் பாருங்கள், ஐயா. ஒவ்வொரு படத்திலும் கைகட்டி, சிரித்த முகத்தோடு, உயிரோடு மிதந்துகொண்டிருக்கிறார். தரையில் பட்ட படங்களை மட்டும், வழக்கம்போல, அங்கேயே நின்று நீக்கிவிட்டேன்.